பழைய டாங்க், புதிய பெயின்ட்

செகண்ட்ஹேண்ட் ஏர் கம்ப்ரஸருக்கு இந்தியா முழுக்கச் சந்தை இருக்கிறது. வீட்டு கராஜுக்கு ஒன்று வாங்க நினைப்பவர் குதிரைசக்தியைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். பார்க்க வேண்டிய இடம் டாங்க்கின் அடிவயிறு.

பழைய கம்ப்ரஸர் வாங்கப் போகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது துருவை அல்ல, பெயின்ட்டை. டில்லி மாயாபுரியிலோ, மும்பை குர்லாவிலோ, சென்னை புதுப்பேட்டையிலோ பழைய இரும்பு வியாபாரம் நடக்கும் தெருக்களில் நடந்து பார்த்தால் இது புரியும். பத்துப் பதினைந்து வருடம் உழைத்த இயந்திரம் ஒரே நாளில் புது மாப்பிள்ளைபோல் நிற்கும். மேலே பளபளக்கும் பெயின்ட், புது பெல்ட், புது கேஜ். ஸ்விட்சைப் போட்டால் ஓடும், காற்றும் வரும். பார்க்க வந்தவருக்கு அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாது. பேரம் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும்.

வாங்குகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பஞ்சர் கடைக்காரர்களும் பெயின்ட் ஷெட் வைத்திருப்பவர்களும்தான் கம்ப்ரஸர் தேடி அலைந்தார்கள். இப்போது பழைய புல்லட்டையும் ஜாவாவையும் வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறவர்கள், காருக்குத் தாங்களே டச்சப் அடிக்க ஆசைப்படுகிறவர்கள், வீட்டு போர்ட்டிகோவில் சின்னதாக சர்வீஸ் தொழில் தொடங்குகிறவர்கள் எனப் புதிய கூட்டம் சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்கினால் பட்ஜெட் இடிக்கும். பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். ஆசை நியாயமானதுதான். நன்றாகப் பராமரித்த பெல்ட் கம்ப்ரஸர் இருபது வருடம்கூட ஓடும். ஆனால் இது பழைய மேஜை வாங்குவது போன்ற விஷயம் அல்ல. ஒரு பெரிய விசையைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குள் வைக்கும் விஷயம்.

எவ்வளவு பெரிய விசை? 40 செ.மீ. விட்டமும் 80 செ.மீ. நீளமும் உள்ள டாங்க்கை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 100 லிட்டர். அதில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ, அதாவது 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று நிறைந்திருந்தால், இரு முனைகளிலும் உள்ள மூடி ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தள்ளும் விசை கிட்டத்தட்ட 9 டன். டாங்க் ஒரே நொடியில் பிளந்தால் வெளிப்படும் ஆற்றல், 650 கிலோ எடையுள்ள ஒரு மாருதி 800 மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். இந்த மோதல் நடக்கப்போவது நீங்கள் ஸ்பேனரைப் பிடித்தபடி நிற்கும் பத்தடி அறைக்குள்.

ஆலைகளில் இதைக் கவனிக்கச் சட்டம் இருந்துவந்திருக்கிறது. அழுத்தத்தில் இயங்கும் எந்த இயந்திரமும் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-வது பிரிவே சொன்னது. வீட்டு கராஜுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் வாங்குகிறவர்தான்.

எங்கிருந்து வருகிறது?

பழைய கம்ப்ரஸர்கள் சந்தைக்கு வரும் வழிகள் பல. மூடப்பட்ட பட்டறைகள், ஆலைகளின் ஏலம், நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகள், பல் மருத்துவமனைகள். எங்கே உழைத்தது என்பதற்கும் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பல் மருத்துவரிடமிருந்து வருவது சின்னது, எண்ணெய் இல்லாத வகை. சுத்தமாக இருக்கும், ஆனால் பெயின்ட் அடிக்கக் காற்று போதாது. பஞ்சர் கடை இயந்திரம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். பெயின்ட் ஷெட்டில் இருந்தது நாள் முழுக்க ஓய்வின்றி ஓடியிருக்கும். மரப்பட்டறையில் இருந்தது தூளைக் குடித்திருக்கும். ஒரே முதலாளியிடம், கூரைக்கு அடியில், எப்போதாவது ஓடியதுதான் சிறந்தது. அது பெரும்பாலும் சந்தைக்கு வருவதற்கு முன்பே தெரிந்தவர்களிடையே கைமாறிவிடும். எனவே கடைத்தெருவுக்குப் போகும் முன் அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

குஜராத்தின் அலங் கதையே வேறு. 1983-ல் கப்பல் உடைப்பு தொடங்கிய இந்தக் கடற்கரையை ஒட்டிய சாலையில் கப்பலிலிருந்து இறங்கிய கட்டில் முதல் ஜெனரேட்டர் வரை எல்லாம் விற்பனைக்குக் கிடைக்கும். கம்ப்ரஸரும் உண்டு. கனமான வார்ப்பு, உயர்ந்த தரம், மலிவு விலை. ஆனால் கப்பல் எஞ்சினைக் கிளப்பும் கம்ப்ரஸர் 25 முதல் 30 கிலோ அழுத்தத்துக்கானது. கார் டயருக்குத் தேவை 30 முதல் 35 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோவுக்குள். தவிர, கப்பல்களில் மின்சாரம் பெரும்பாலும் 440 வோல்ட், 60 சைக்கிள், மூன்று ஃபேஸ். நம் ஊரில் 50 சைக்கிள். அந்த மோட்டார் இங்கே ஓடினாலும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். வீட்டில் ஒற்றை ஃபேஸ் இணைப்பு இருப்பவருக்கு அது வெறும் இரும்பு.

எந்த வழியில் வந்தாலும் முந்தைய முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். 2010 ஏப்ரலில் மாயாபுரியில் ஒரு பாடம் கிடைத்தது. டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக்கூடக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்தபோது கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் ஒருவர் உயிரிழந்தார். கம்ப்ரஸருக்குள் கதிர்வீச்சு இருக்காது. ஆனால் பழைய இரும்பு தன் சரித்திரத்தைத் தானாகச் சொல்லாது என்பது இரண்டுக்கும் பொது.

குதிரைசக்தி மயக்கம்

‘எத்தனை ஹெச்.பி.?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேட்க வேண்டியது, ‘நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று?’ என்பது. சி.எஃப்.எம். என்று தொழிலில் சொல்வது இதைத்தான். டயருக்குக் காற்றடிக்க ஒன்றிரண்டு கன அடி போதும். சின்ன டச்சப் கன்னுக்கும் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல். நட்டைக் கழற்றும் அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்சுக்கு விட்டுவிட்டு நாலைந்து கன அடி வேண்டும். முழுக் காருக்குப் பெயின்ட் அடிக்கும் கன் எட்டு முதல் பதினான்கு வரை கேட்கும். தேய்க்கும் சாண்டருக்கும் ஏறக்குறைய அதே பசி.

7 கிலோ அழுத்தத்தில் ஒரு குதிரைசக்தி தரக்கூடிய காற்று மூன்று முதல் நான்கு கன அடி. ஆக, 2 ஹெச்.பி. இயந்திரம் ஏழு கன அடியைத் தொட்டால் பெரிய விஷயம். அதை வைத்துக்கொண்டு காரை ஒவ்வொரு பகுதியாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி அடிக்கலாம். ஒரே மூச்சில் அடிக்க முடியாது. நேம் பிளேட்டில் போட்டிருக்கும் எண் பல நேரம் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவுதான். வால்வில் கசிந்து, சூட்டில் விரிந்து வெளியே கிடைப்பது அதில் அறுபது எழுபது சதவீதம். தேய்ந்த ரிங் என்றால் இன்னும் குறைவு.

நல்லவேளையாக, இதை அளக்க ஒரு கைக்கடிகாரம் போதும். 100 லிட்டர் டாங்க் காலியிலிருந்து 7 கிலோ வரை ஏற 700 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 140 லிட்டர். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம், ஆக 5 சி.எஃப்.எம். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் அதில் பாதி. நேம் பிளேட் என்ன சொன்னாலும் சரி, கடிகாரம் சொல்வதுதான் நிஜம்.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. டாங்க்குக்குள் பாதி தண்ணீர் தேங்கியிருந்தால் மீதிப் பாதியில்தான் காற்று நிரம்ப வேண்டும். முள் வேகமாக ஏறும், பார்ப்பவர் அசந்துபோவார். எனவே சோதனைக்கு முன் அடியிலுள்ள டிரெய்ன் வால்வைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடியவிட வேண்டும். இந்த ஒரு காரியம் இரண்டு உண்மைகளைச் சொல்லிவிடும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது முந்தைய முதலாளியின் பழக்கத்தைக் காட்டும். என்ன நிறத்தில் வருகிறது என்பது டாங்க்கின் உடல்நிலையைக் காட்டும்.

அடிவயிற்றில் துரு

காற்றை அழுத்தினால் தண்ணீர் எப்படி வருகிறது? 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். எட்டு கன மீட்டரை ஒன்றாக அழுத்தி ஆறவைத்தால் அந்த ஒரு கன மீட்டரால் 30 கிராமைத்தான் ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். மீதி 160 கிராமும் தண்ணீராகிவிடும். 5 சி.எஃப்.எம். கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை, மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி இந்த நிலைதான். ஜெய்ப்பூரில் வெயில் மாதங்களில் உழைத்த டாங்க்கும் சென்னையில் உழைத்த டாங்க்கும் ஒரே வயதானாலும் ஒன்றல்ல.

அந்தத் தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்து தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். 3 மி.மீ. தகடு ஓரிடத்தில் 1 மி.மீ. ஆகத் தேய்ந்தால் அதே அழுத்தத்துக்கு அந்த இடத்தில் உலோகம் தாங்க வேண்டிய சுமை மூன்று மடங்காகிறது. ஊசித் துளை விழுந்து காற்று கசிந்தால் அதிர்ஷ்டம், எச்சரிக்கை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நீளவாக்கில் மெலிந்த டாங்க் எச்சரிக்காமலே பிளந்துவிடலாம்.

ஆகவே டிரெய்ன் வால்விலிருந்து இளம்பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. எல்லா இரும்பு டாங்க்கிலும் அது உண்டு. கரும்பழுப்பாக, செதில் செதிலாகத் துரு வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். டிரெய்ன் வால்வே திறக்காமல் இறுகிப்போயிருந்தால், அது பல வருடம் திறக்கப்படவில்லை என்று பொருள். டாங்க்கைக் காலி செய்தபின் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். செல்போனில் மாட்டும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அடிப்பாகத்தைத் துல்லியமாகக் காட்டும். கால்கள் வெல்டிங் செய்யப்பட்ட இடம், டிரெய்ன் வால்வைச் சுற்றியுள்ள வட்டம், முனை மூடிகளின் தையல் ஆகிய மூன்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டு வெல்டிங் இருந்தால், அதை எவ்வளவு அழகாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தாலும் வாங்கக் கூடாது. மெலிந்த தகட்டில் போட்ட ஒட்டு அதன் ஓரத்தில் புதிய பலவீனத்தை உண்டாக்கும்.

சந்தேகம் தீர வழி ஒன்றுதான்: தண்ணீர் அழுத்தச் சோதனை. டாங்க்கில் துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை கைப்பம்ப்பால் ஏற்றுவார்கள். தண்ணீர் சுருங்காது. எனவே டாங்க் விரிசல் விட்டாலும் தண்ணீர் பீச்சியடித்து நின்றுவிடும், வெடிக்காது. இதையே காற்றை வைத்துச் செய்து காட்டுகிறேன் என்று வியாபாரி சொன்னால் பத்தடி தள்ளி நிற்க வேண்டாம், தெருவைக் கடந்துவிடலாம். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கும் சோதனைக்கூடங்களும் தொழில் நகரங்களில் உள்ளன. டாங்க்கின் விலையோடு ஒப்பிட்டால் கட்டணம் பெரிதல்ல.

ஹெட் பேசும் மொழி

டாங்க் தேறிவிட்டால் மீதியெல்லாம் பணப் பிரச்னைதான், உயிர்ப் பிரச்னை இல்லை. ஹெட்டில் எண்ணெய் பார்க்கும் கண்ணாடி இருக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கரியாக இருந்தால் மாற்றவே இல்லை. ஓடும்போது கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயில் கைவைத்துப் பார்த்தால் லேசான மூச்சு இருக்க வேண்டும். புகையோடு பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. டிரெய்ன் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் அதே நோய்தான். பெயின்ட் அடிக்க வாங்குகிறவருக்கு இது பெரிய தலைவலி. துளி எண்ணெய் பட்டாலும் புதுப் பெயின்ட்டில் மீன்கண்போல் குழிகள் விழும்.

மோட்டாரை நிறுத்தியதும் பிரஷர் ஸ்விட்ச் பக்கம் ‘புஸ்’ என்று ஒரு நொடி காற்று வெளியேற வேண்டும். அது நல்ல சத்தம். அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்புவதற்கான ஏற்பாடு. அந்தச் சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் டாங்க் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வ் கசிகிறது. சத்தமே வராவிட்டால் மோட்டார் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தத்துக்கு எதிராகத் திணறிக் கிளம்பும், சீக்கிரம் காயில் எரியும். இரண்டும் மலிவாக மாற்றக்கூடிய பாகங்கள். ஆனால் பேரத்தில் அவற்றைக் கணக்கில் சேர்க்கலாம்.

பாகங்கள் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 1958-ல் தொடங்கிய புனேயின் கிர்லோஸ்கர் நியூமேட்டிக், 1960-ல் தொடங்கிய கோவையின் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் போன்ற பழைய இந்தியப் பெயர்கள் என்றால் உதிரிபாகம் தேடுவது சுலபம். பெயரே இல்லாத ஹெட் எவ்வளவு நன்றாக ஓடினாலும், வால்வ் பிளேட் உடையும் அன்று அனாதையாகிவிடும். மோட்டாரோடு நேரடியாக இணைந்து நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் சின்ன வகையைவிட, பெல்ட்டில் ஆயிரம் சுற்றுக்குள் ஓடும் வகையே பழையதாக வாங்க ஏற்றது. சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு, பிரித்து மாட்டவும் முடியும்.

வீட்டுக்கு வந்தபின்

2 ஹெச்.பி. ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அயர்ன் பாக்ஸ் மாட்டும் பிளக்கில் நீட்டு வயர் போட்டு ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும். கம்ப்ரஸரை மெயின் அருகிலேயே வைத்துக் காற்றுக் குழாயை நீளமாக்குவதுதான் புத்திசாலித்தனம். 3 ஹெச்.பி.க்கு மேல் போனால் மூன்று ஃபேஸ் இணைப்பைப் பற்றி யோசித்துவிட்டே வாங்க வேண்டும்.

சத்தம் இன்னொரு விஷயம். பக்கத்தில் நின்றால் 80 டெசிபலைத் தாண்டும் இயந்திரம் இது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45. அப்பார்ட்மென்ட் கார் ஷெட்டில் ஞாயிறு மதியம் ஓட்டுகிறவருக்குச் சட்டத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமி வந்து நிற்பார்.

விலைக்குப் பயந்து சிலர் மூன்றாவது வழிக்குப் போகிறார்கள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கேஸ் சிலிண்டரோடு இணைத்து வீட்டிலேயே செய்துகொள்வது. சத்தமில்லாமல் ஓடும் என்பது உண்மை. ஆனால் வீட்டு கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நாம் டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், அதில் தண்ணீர் வடிய வழியில்லை. அழுத்தம் ஏறினால் தானாக நிற்கும் ஸ்விட்சும் இல்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் நிறுத்தும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு காட்சி: சேஃப்டி வால்வ் இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கி முறுக்கப்பட்ட ஒரு போல்ட். எப்போதோ வால்வ் கசிந்திருக்கும். புது வால்வ் வாங்கச் சோம்பல்பட்டு யாரோ அடைத்திருப்பார்கள். அந்தப் போல்ட்டைப் பார்த்ததும், அந்த இயந்திரத்தை வைத்திருந்தவர் மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. பெயின்ட்டால் மறைக்க முடியாத ஒரே சாட்சியம் அது. சந்தையில் கம்ப்ரஸருக்குப் பஞ்சமில்லை. அடுத்த கடைக்கு நடக்கலாம்.

வாங்கும் நாளில்: அரை மணி நேரப் பரிசோதனை

* டாங்க்கை முழுதும் காலி செய்து, தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடித்து நிறம் பாருங்கள்.
* விட்டத்தையும் நீளத்தையும் அளந்து கொள்ளளவை நீங்களே கணக்கிடுங்கள்.
* காலியிலிருந்து 7 கிலோ ஏற ஆகும் நேரத்தைக் குறியுங்கள்.
* தானாக நிற்கிறதா, அழுத்தம் இறங்கியதும் தானாகக் கிளம்புகிறதா என்று குறைந்தது மூன்று முறை பாருங்கள்.
* நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள். இணைப்பில் கசிந்தால் சரி செய்யலாம். டாங்க் தகட்டிலோ தையலிலோ கசிந்தால் வேண்டாம்.
* சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்று பீறிட வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.
* அழுத்தம் இருக்கும்போது டாங்க்கைச் சுத்தியலால் தட்டவோ, எந்த பிளக்கையும் தளர்த்தவோ கூடாது.
* வீட்டுக்கு வந்ததும் எண்ணெய், ஏர் ஃபில்ட்டர், சேஃப்டி வால்வ் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். பெல்ட்டுக்கு வலைக்கூண்டு இல்லையென்றால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதுதான் முதல் செலவு.
* வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.
* காற்றுக் குழாயை யார் உடம்பின் மீதும் விளையாட்டாகக்கூடத் திருப்ப வேண்டாம். அப்படி விளையாடியவர்களால் உயிர் போன செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன.